கையேட்டைத் திருத்திய மாணவர்கள்

செமஸ்டர் முடியும் வாரத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவார்கள். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பாடத்தை முடித்தாரா, சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறாரா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். முதல் பெஞ்சில் ஒருவன் 'மிக நன்று' கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டே போனால், கடைசி பெஞ்சு வரை அதே கட்டம்தான். படிவம் இப்போது கைபேசிக்கு வந்துவிட்டது; டிக் விழும் இடம் மாறவில்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பும் தன் பங்குக்கு மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு என்று 21 கேள்விகளை மாணவர்களின் மின்னஞ்சலுக்கே அனுப்புகிறது.

படிவம் கூடாது என்று சொல்ல வரவில்லை. வகுப்புக்கே வராத ஆசிரியர் இருக்கும் இடத்தில் அந்தத் தகவல் மேலே போக அதுவாவது வேண்டும். ஆனால் அதை நிரப்புகிற பிள்ளை அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுகிறது. தான் எழுதியதால் என்ன மாறியது என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969இல், அரசுத் திட்டங்களில் குடிமக்களுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அதில் கருத்துக் கேட்பது நான்காம் படி. பெயருக்கு ஒரு நாற்காலி கொடுத்துச் சமாதானப்படுத்துவது ஐந்தாம் படி. கூட்டாக முடிவெடுப்பது ஆறாம் படி. நம் கல்லூரிகள் பெரும்பாலும் நான்கிலும் ஐந்திலும் நிற்கின்றன. ஆறுக்கு ஏற எங்கள் துறையில் என்ன செய்தோம், எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நான் திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். விலங்கியல், தாவரவியல், இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் அலைடு பாடமாக வேதியியலுக்கு எங்களிடம் வருவார்கள். நிறையப் பேர் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். அவர்களுக்கு வாரம் ஒரு பிராக்டிகல். பெரும்பாலும் டைட்ரேஷன்தான். ஒரு கரைசலைப் பியூரெட்டில் நிரப்பி, இன்னொன்றைக் கோனிக்கல் பிளாஸ்க்கில் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று குறிக்க வேண்டும்.

அந்த எண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் 'வேல்யூ' என்று பெயர். சரியான விடையிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளிப்போகிறதோ அதற்குத் தக்கபடி மார்க் குறையும். ஆகவே மூன்று மணி நேரமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "உனக்கு என்ன வேல்யூ?" நன்றாகப் படிக்கிற பிள்ளையின் எண்ணை வாங்கி, அதில் புள்ளி ஒன்று கூட்டியோ குறைத்தோ அப்சர்வேஷன் நோட்டில் எழுதிவிட்டு, மிச்ச நேரம் சும்மா திருகைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அட்டெண்டர் அண்ணனிடம் கெஞ்சி வாங்குகிறவர்களும் உண்டு. இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் காரணம், "பயலுகளுக்கு அக்கறை இல்லை". பிள்ளைகள் சொல்லும் காரணத்தை யாரும் கேட்டு எழுதியதில்லை.

விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். அவள் எங்கள் அலைடு தாள்களை எழுதி முடித்தவள். முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, பிறகு பாஸ் செய்தவள். "நீ யாருக்கும் உதவ வேண்டாம். அவங்க எங்க நிக்காங்க, யாரைப் பாக்காங்க, எப்போ கையேட்டைத் திறக்காங்கன்னு மட்டும் எழுதும்மா" என்றேன். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குப் பெர்மாங்கனேட், ஆக்ஸாலிக் அமிலம் சோதனை. முடிந்ததும் நோட்டோடு வந்தாள்.

"சார், ஒம்பது பேரு முதல் சொட்டுலேயே திருகை மூடிட்டாங்க. பிங்க் கலர் போகல. அதான் என்ட் பாயின்ட்னு நெனச்சுட்டாங்க."

"கொஞ்சம் குலுக்கினா போயிருக்குமேம்மா."

"போகும்னு உங்களுக்குத் தெரியும் சார். கையேட்டுல அது எங்க இருக்கு?"

எங்குமே இல்லை. கையேடு எங்களுக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் எழுதியது. நிலையான வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்வரை பெர்மாங்கனேட்டைச் சேர்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. வேதியியல் தெரிந்தவருக்கு அது போதும். இந்த வினை தொடக்கத்தில் மந்தமாக நடக்கும். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே பிறகு வினையூக்கியாக மாறி அதை வேகப்படுத்தும். அதனால்தான் அமிலக் கரைசலை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிக்கொள்கிறோம். அப்படியும் முதல் ஓரிரு சொட்டுகளின் நிறம் மறையச் சற்று நேரம் பிடிக்கும். பிறகு சொட்டு விழுந்ததும் மறையும். முதல் சொட்டுக்கே நிறம் நின்றால் புதிதாக வந்த பிள்ளை என்ன நினைக்கும்? வேலை முடிந்தது என்றுதான் நினைக்கும். ஆனால் பியூரெட்டில் 0.1 மில்லிகூடச் செலவாகியிருக்காது. ஏதோ தப்பு என்று மட்டும் புரியும், என்ன தப்பு என்று தெரியாது. பக்கத்து மேசைக்குப் போய் வேல்யூ கேட்கும்.

அவள் நோட்டில் இன்னும் சில இருந்தன. எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான குறிப்பில், கரைசலின் கீழ்வளைவைப் பார்த்து அளவு குறி என்று கையேடு சொல்கிறது. பெர்மாங்கனேட் அடர் ஊதா நிறம். கீழ்வளைவு கண்ணுக்கே தெரியாது, மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பொருள்களைக் கரைசலால் கழுவிக்கொள் என்று கையேடு பொதுவாகச் சொல்லிவிட்டது. பியூரெட்டுக்கும் பிப்பெட்டுக்கும் அது சரி. கோனிக்கல் பிளாஸ்க்கையும் அமிலத்தால் கழுவினால் உள்ளே கொஞ்சம் அமிலம் தங்கி, வேல்யூ கூடிவிடும். பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை வாயால் ஊதித் தள்ளுகிறார்கள். அந்தச் சொட்டு அளவில் சேராது என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. கந்தக அமிலம் குறைவாக ஊற்றிய மூன்று பேருக்குக் கரைசல் பழுப்பாகக் கலங்கிவிட்டது. அவர்கள் பயந்து சிங்க்கில் கொட்டிவிட்டார்கள்.

இந்தப் பட்டியலை எந்தக் கருத்துப் படிவமும் எனக்குத் தந்திருக்காது. சோதனை செய்கிற பிள்ளைக்குத் தனக்கு எது தெரியவில்லை என்று சொல்லத் தெரியாது. நமக்கோ அது பழகிப்போனதால் கண்ணில் படாது. அதே பாடத்தில் சமீபத்தில் தடுக்கி விழுந்து எழுந்தவருக்குத்தான் பள்ளம் எங்கே என்று நினைவிருக்கும்.

மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னையில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்றார். இந்த மண்ணின் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகவும் வைத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளைக்கும் சரி, பெல்லின் மாணவ ஆசிரியனுக்கும் சரி, வாங்கியதை அப்படியே கைமாற்றுவதுதான் வேலை. பாடம் இப்படி இருக்கக் கூடாது என்று சொல்லி அதை மாற்றுகிற உரிமை அவர்களுக்குக் கிடையாது. நான் பேசுவது அந்த உரிமையைப் பற்றி.

அந்த உரிமையை மாணவருக்குக் கொடுத்த இடங்கள் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் கல்லூரியில் 2006 முதல் மாணவர் ஒருவர் ஆசிரியர் ஒருவரோடு செமஸ்டர் முழுக்க இணைந்து, வகுப்பைக் கவனித்து, வாரந்தோறும் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு நடக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2013இல் மாணவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பாடங்களைச் சீரமைக்கத் தொடங்கியது. இந்தப் பொருளுக்கென்றே ஓர் ஆய்விதழை 2017 முதல் வெளியிடுகிறது. ஸ்வீடனில் உப்சாலாவின் செமுஸ் மையம் ஒரு படி மேலே போய்விட்டது. 1990களின் தொடக்கத்தில் மாணவர்களின் முயற்சியால் தோன்றிய அந்தச் சுற்றுச்சூழல் கல்வி மையத்தில், பாடத்தைத் திட்டமிட்டு, விரிவுரையாளர்களை அழைத்து நடத்துவதே மாணவர்கள்தான். பேராசிரியர்கள் துணை நிற்கிறார்கள். மிக் ஹீலி, அபி ஃப்ளின்ட், கேத்தி ஹாரிங்டன் மூவரும் 2014இல் பிரிட்டனில் எழுதிய அறிக்கை, இத்தகைய கூட்டு நான்கு இடங்களில் நடக்கலாம் என்கிறது: கற்றல்-கற்பித்தல்-தேர்வு; பாடம் சார்ந்த ஆய்வு; கற்பித்தல் பற்றிய ஆய்வு; பாடத்திட்டம் வகுப்பது. எங்களுக்குக் கைக்கெட்டியது முதலாவதும் நான்காவதும்.

பிரின் மார் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: கவனிக்கிற மாணவர் அந்த வகுப்பில் படிப்பவராக இருக்கக் கூடாது. நம் ஊரில் இந்த விதி இல்லாமல் எதுவுமே நடக்காது. எங்கள் பக்கம் தியரித் தாளுக்கு எக்ஸ்டர்னல் 75, இன்டர்னல் 25. அந்த 25 ஆசிரியர் கையில். ஆசிரியரின் வகுப்பு எப்படி என்று அவரிடம் மார்க் வாங்கவேண்டிய பிள்ளையிடமே கேட்டால் என்ன பதில் வரும்? "சூப்பர் சார்." அதில் நான் குறை காணமாட்டேன், அவன் நிலையில் நானும் அதைத்தான் சொல்வேன். அதனால் வேறு துறை மாணவர்களை, எங்கள் தாள்களை முடித்துவிட்டவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டோம். எங்களிடமிருந்து அவர்களுக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் மிச்சமில்லை. நட்பாகப் பேசுவதால் மட்டும் பயம் போய்விடாது. மார்க் விலகினால்தான் உண்மை வரும்.

அந்த மாணவியோடு இன்னும் சிலர் சேர்ந்தார்கள். கையேட்டை முழுக்கத் திருத்துவது என்று முடிவானது. ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். பழைய கையேட்டில் எல்லாம் செயப்பாட்டு வினை, எடுக்கப்படுகிறது, சேர்க்கப்படுகிறது. யார் எடுப்பது, எப்போது சேர்ப்பது என்று தேட வேண்டும். பிள்ளைகள் எழுதியது இப்படி வந்தது: "பிப்பெட்டை ஆக்ஸாலிக் அமிலத்தால் ஒருமுறை கழுவு. 20 மி.லி. எடு. கோனிக்கல் பிளாஸ்க்கில் விடு. நுனியில் நிற்கும் சொட்டை ஊதாதே; நுனியைக் கண்ணாடிச் சுவரில் தொட்டு எடு. முதல் சொட்டின் நிறம் உடனே போகாது. பயப்படாதே, குலுக்கு, காத்திரு." ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் வைத்தார்கள். ஊதினால் என்ன, காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை அதில் எழுதியே ஆக வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பியது ஆசிரியர்கள். அதற்கு நாங்களும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

எழுதிய பக்கத்தைச் சோதித்த விதமும் அவர்களுடையதே. அந்தச் சோதனையை இதுவரை செய்யாத முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் பக்கத்தைக் கொடுப்பார்கள். வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பார்கள். எந்த வரியில் அந்தப் பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கிறதோ, அந்த வரியை மாற்றுவார்கள்.

எல்லாவற்றுக்கும் நாங்கள் தலையாட்டவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் மாதிரி வேல்யூ அச்சிட வேண்டும் என்று கேட்டார்கள். முடியாது என்றோம். அச்சிட்டால் யாரும் பியூரெட்டைத் தொடமாட்டார்கள். அதற்கு அவர்கள் திருப்பிக் கேட்டது இது: "வேல்யூவுக்கு மட்டும் மார்க் போட்டா எல்லாரும் வேல்யூவத்தானே சார் தேடுவாங்க?" அந்த ஒரு கேள்வியை வைத்துத் துறைக் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். முடிவில், பிராக்டிகல் இன்டர்னல் மார்க்கில் ஒரு பகுதியை எண்ணிலிருந்து பிரித்து, 'உன் வேல்யூ ஏன் தள்ளிப்போனது' என்ற விளக்கத்துக்குக் கொடுத்தோம். பிளாஸ்க்கை அமிலத்தால் கழுவிவிட்டேன், அதனால் கூடிவிட்டது என்று நேர்மையாக எழுதுகிற பிள்ளைக்கு இப்போது மார்க் உண்டு. எக்ஸ்டர்னல் தேர்வில் பழைய முறைதான். அதில் கைவைக்க எங்களால் முடியவில்லை. ஆனால் வாராந்தர வகுப்பில் வேல்யூ கேட்டு அலைவது குறைந்திருக்கிறது.

அடுத்த படி பாடத்திட்டக் குழு. தமிழ்நாட்டில் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி 1978இல் வந்தது. கோத்தாரி குழு 1966இலேயே பரிந்துரைத்த யோசனை. அதற்கு முன் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தன்னாட்சி வந்தபின் பாடத்தை வகுக்கிற உரிமை ஆசிரியர்களிடம் வந்தது. மாணவரிடம் வரவில்லை. யூஜிசி விதிப்படி குழுவில் துறைத்தலைவர், ஆசிரியர்கள், வெளிவல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி, முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோருக்கு இடமுண்டு. இன்று பாடம் படித்துக்கொண்டிருப்பவருக்கென்று நாற்காலி கிடையாது. கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவில் மாணவருக்கு இடமுண்டு. ஆனால் பாடம் அங்கே முடிவாவதில்லை.

விதியை மாற்ற நம்மால் ஆகாது. குழுக் கூட்டத்துக்கு முன்னால் துறையளவில் ஓர் அமர்வு வைத்து, மாணவர்களை உட்கார வைத்தோம். அவர்கள் கொண்டுவந்தது ஒரு சின்ன விஷயம். நார்மாலிட்டி, மோலாரிட்டி கணக்குகள் தியரியில் நான்காம் யூனிட்டில் இருந்தன. பிராக்டிகல் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். அப்படியானால் இரண்டு மாதத்துக்குப் பிள்ளைகள் போடுகிற கணக்கு எதற்கென்றே தெரியாமல் போடுகிறார்கள். தியரி எடுப்பவர் ஒருவர், பிராக்டிகல் எடுப்பவர் வேறொருவர் என்பதால் இது எங்கள் யார் பார்வைக்கும் சேர்த்து வந்ததில்லை. இரண்டிலும் உட்கார்ந்தவர்கள் மாணவர்கள் மட்டுமே. அந்தப் பகுதி முதல் யூனிட்டுக்கு மாறியது. வெளிவல்லுநர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "பிள்ளைகளுக்குத் தலைக்கனம் வந்துடும்" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அதைவிட நியாயமான பயம் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுடையது. ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். மாணவர் வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிற குறிப்பு நிர்வாகத்தின் மேசைக்குப் போனால் வேலையே போய்விடும். ஆகவே, குறிப்பு அந்த ஆசிரியர் கையில் மட்டும் போகும், துறைத்தலைவருக்குக்கூட நகல் கிடையாது, விரும்பாத ஆசிரியரின் வகுப்பில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று எழுதிவைத்தோம். பணிப் பாதுகாப்பில்லாத ஆசிரியரிடம் தைரியமாகத் திருத்திக்கொள் என்று சொல்வது எளிது. அவர் தரப்பில் நின்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

மாணவர் தரப்பில் தடை பணமும் பஸ்ஸும். நாலரைக்குக் கிளம்பும் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச்சேர இருட்டிவிடுகிற பெண்பிள்ளைகள் உண்டு. மாலையில் ஜவுளிக்கடைக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் வேலைக்குப் போகிற பையன்கள் உண்டு. கல்லூரி முடிந்தபின் வாருங்கள் என்று அழைத்தால் வசதியுள்ள, விடுதியில் தங்கிய, ஆங்கிலம் பேசுகிற நாலு பேர்தான் வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு எங்கள் கையேட்டில் குறையே தெரியாது. எனவே வேலையை வகுப்பில்லாத நேரங்களில் வைத்தோம். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை இவர்களுக்கும் கேட்டு வாங்கினோம். சின்னத் தொகைதான். ஆனால் சேவை என்று சொல்லி ஏழைப் பிள்ளையின் நேரத்தைச் சும்மா வாங்குவதற்குக் கூட்டு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கையேட்டின் அட்டைக்குப் பின்னால் அவர்கள் பெயர் ஆசிரியர்கள் பெயரோடு சேர்த்து அகரவரிசையில் அச்சாகியிருக்கிறது.

மிஞ்சி நிற்கிற குறைகளும் உண்டு. நன்றாகப் பழகிய மாணவர்கள் ஓராண்டில் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியரின் பதவி உயர்வுக் கணக்கில் இதற்கு இடமில்லை. கட்டுரை எண்ணிக்கைக்கு உண்டு. தியரி வகுப்பில் இந்த முறை அவ்வளவு பிடிபடவில்லை. ஆய்வுக்கூடத்தில் தடுமாற்றம் கையிலும் கண்ணிலும் தெரியும்; அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கும்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய திட்டம், குழு, தீர்மானம் எதுவும் வேண்டாம். ஒரு பாடத்தில் ஒரு யூனிட்டை அல்லது ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முடித்துவிட்ட இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அதில் ஒருவராவது அரியர் வைத்துத் தேறியவராக இருக்கட்டும். மார்க்கை அவர்களிடமிருந்து விலக்கிவையுங்கள், வேலைக்குக் கூலி கொடுங்கள், பெயரை அச்சிடுங்கள். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள் என்பதை அவர்கள் கல்லூரியை விட்டுப் போவதற்கு முன் சொல்லிவிடுங்கள். எதையும் மாற்றும் எண்ணம் இல்லையென்றால் அவர்களைக் கூப்பிடவே வேண்டாம். அதற்குக் கருத்துப் படிவமே போதும்.